கோச் யாருன்னு கேளுங்க

பிள்ளையைக் கால்பந்துப் பயிற்சியில் சேர்க்க வரும் பெற்றோர் கேட்கிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மணிக்கு விடுவீங்க, ஷூ நாங்க வாங்கணுமா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட் கிடைக்குமா. பதில் கிடைத்ததும், விடிந்தும் விடியாத நேரத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். டியூஷன் டீச்சரைப் பற்றித் தெரு முழுக்க விசாரிக்கிறவர்கள்கூட, தங்கள் பிள்ளையோடு தினமும் இருக்கப்போகும் இந்த ஆள் யார், யாரிடம் கற்றவர், எப்படிப்பட்ட குணம் என்று கேட்பதில்லை.

வடசென்னையில் பல வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். நான் பார்த்தவரையில், ஒரு பிள்ளையின் ஆட்டம் எப்படி அமைகிறது என்பதில் பயிற்சி முறைக்குப் பாதிப் பங்குதான். கோட்டுக்கு வெளியே விசிலோடு நிற்கிற ஆளின் சுபாவம் மீதியைத் தீர்மானிக்கிறது. அதனால் யாரும் கேட்காத கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் வியாசர்பாடிக்காரன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா வீட்டு வேலைக்குப் போனார். பத்திரிகைகளில் எங்கள் பகுதியை ‘குட்டி பிரேசில்’ என்று எழுதுவார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் மாயமெதுவும் இல்லை. பக்கத்தில் பெரம்பூர் ரயில்வே பணிமனை, 1955-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை. ரயில்வேயிலும் ஐ.சி.எஃப்.பிலும் கால்பந்து அணிகள் இருந்தன. நன்றாக ஆடினால் அரசு வேலை கிடைக்கும் என்பதை எங்கள் தெருவில் எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தோம். கிரிக்கெட்டுக்கு மட்டை, பேடு, கிளவுஸ் என்று ஆளுக்கொரு செலவு. இங்கே ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடலாம். அந்த மண்ணிலிருந்துதான் 2017–18 ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடிய தனபால் கணேஷ் வந்தார். செய்தியாகாமல் போன ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி எத்தனையோ பேர்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ரயில்வே ஊழியர். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். டூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மைதானத்துக்கு வருவார். காசு வாங்கியதில்லை. கிழிந்த பந்தை ஊசி நூல் வைத்துத் தானே தைப்பார். இரண்டு நாள் வராத பையனின் வீட்டு வாசலில் மூன்றாம் நாள் போய் நிற்பார். “ஜுரமா? சரி, படு. சரியானதும் வா” என்று சொல்லிவிட்டுப் போவார். அப்பா இல்லாத பையன்களுக்கு அவர்தான் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டார். இன்று என் பையில் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டில் யார் யார், யாருக்கு என்ன உடம்பு, காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறதா, பள்ளிக்கூடம் எது என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பழக்கம் மாஸ்டர் தந்தது.

அவரிடம் இன்னொரு பக்கமும் உண்டு. தப்பான பாஸ் போனால் விசில் கயிறு கெண்டைக்காலில் விழும். வலியை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது எங்கள் ஆட்டத்தை என்ன செய்தது என்பது எனக்குப் பிற்பாடு, சொல்லிக்கொடுக்க வந்த பிறகுதான் விளங்கியது. பந்து நம்மிடம் வருவதற்கு முந்தைய ஒரு நொடியில் நல்ல ஆட்டக்காரன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள், எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்வான். நார்வேயின் ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார். பந்து வருவதற்கு முன் அதிகமாகச் சுற்றிப் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகமாகச் சேரவேண்டிய காலுக்குச் சேருகிறது என்று அவர் காட்டினார். நாங்கள் அந்த நொடியில் மாஸ்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிராளியைத் தேடவேண்டிய கண் கயிறு இருக்கும் கையைத் தேடியது. மைதானத்தில் எங்களைவிட வேகமாக ஓடியவர்கள் குறைவு. ஆனாலும் பெரிய ஆட்டங்களில் நாங்கள் பந்தைப் பறிகொடுத்ததற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு.

மாஸ்டர் மேல் எனக்குக் குறையில்லை. அவரும் அப்படி வளர்ந்தவர், அன்று ஊரே அப்படித்தான் இருந்தது. அவருடைய நோட்டை எடுத்துக்கொண்டேன், கயிற்றை விட்டுவிட்டேன். அதனால்தான் ஒரு கோச்சின் பின்னணியைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். யாரிடம் கற்றார், அவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டார், எதை வேண்டாமென்றார் என்று கேட்டால் பாதி ஆள் தெரிந்துவிடும்.

இன்றும் “அடிச்சு சொல்லிக்குடுங்க சார், நாங்க எதுவும் கேக்க மாட்டோம்” என்று சொல்லும் அப்பாக்கள் வருகிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்குள் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்தது. மைதானத்துக்கு வந்தால் மட்டும் அது சரியாகிவிடுமா? சட்டமே இல்லாவிட்டாலும் நான் அடிக்கமாட்டேன். ஆட்டம் கெட்டுப்போகிறது. ஒரு கால்பந்து ஆசிரியனுக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

லீக் ஆடிக்கொண்டிருந்த வயதில் என் வலது முட்டி போனது. யாரும் இடிக்கவில்லை. திரும்பும்போது கால் மண்ணில் ஊன்றியபடியே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். வீட்டில் நாட்டுக்கட்டு போட்டார்கள். வீக்கம் வடிந்தது, நடந்தேன், ஓடவும் செய்தேன். திரும்பினால் மட்டும் முட்டி நழுவியது. ரொம்ப நாள் கழித்து ஸ்கேன் எடுத்தபோதுதான் முட்டிக்குள் இருக்கிற ஏ.சி.எல். லிகமென்ட் அறுந்திருப்பது தெரிந்தது. ஆபரேஷனுக்கு வீட்டில் பணமில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையும் அதோடு போனது.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. முட்டி போனவனுக்கு முட்டியைப் பார்க்கத் தெரியும். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பிள்ளைகள் திடீரென்று உயரமாகும்போது முட்டிச்சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலிக்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று டாக்டர்கள் சொல்வார்கள். எலும்பு வேகமாக வளர, தொடைத் தசையின் முனை அதைப் பிடித்து இழுப்பதால் வருவது. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அந்த நேரத்தில் “நடிக்காதடா, ஓடு” என்று ஒரு கோச் சொன்னால் அந்தப் பிள்ளையின் ஒரு சீசனே போய்விடும். முட்டியைத் தடவிக்கொண்டே ஓடும் பையனை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். பெரிய பிள்ளைகளுக்கு ஃபிஃபா 11 பிளஸ் வார்ம்-அப் ஒரு நாள்கூடத் தவறாது. சுமார் இருபது நிமிடம். ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முட்டியை மடக்கி மெதுவாக இறங்குவது, ஓடிக்கொண்டே திசை மாறுவது என்று போகும். காயங்களைக் குறைக்கவென்றே உருவாக்கியது. சின்னவர்களுக்குத் தனி வடிவம் இருக்கிறது. “வந்து அரைமணி நேரமாச்சு, இன்னும் பந்தையே தொடலையே” என்று கம்பி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். வரட்டும்.

சர்டிபிகேட் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் கோச் ஆக வருகிறவர்கள் டி லைசென்ஸில் தொடங்கி சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாகப் போகலாம். டி லைசென்ஸ் சில நாட்களில் முடிகிற வகுப்பு. அதில் நான் கற்ற மிகப் பெரிய விஷயம் வரிசை கூடாது என்பது. பத்துப் பிள்ளைகளை ஒரு வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவராகக் கோலை நோக்கி அடிக்கச் சொன்னால், ஒரு பிள்ளை பந்தைத் தொடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். அதே பத்துப் பேரை இரண்டு சின்னக் களத்தில் பிரித்துவிட்டால் எல்லோர் காலுக்கும் அடிக்கடி பந்து வரும். பந்தின் அளவும் அப்படித்தான். ஐந்தாம் நம்பர் பந்து 410-லிருந்து 450 கிராம் எடை, பெரியவர்களுக்கானது. ஏழு வயதுப் பிள்ளைக்கு மூன்றாம் நம்பர், பத்து வயதுக்கு நாலாம் நம்பர். மைதானத்துக்குள் நுழைந்ததும் பந்துப் பையைப் பாருங்கள். எல்லா வயதுக்கும் ஒரே ஐந்தாம் நம்பர் பந்து என்றால், வசதிக் குறைவு காரணமாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் எந்த லைசென்ஸிலும் குணத்துக்கு மதிப்பெண் கிடையாது. மூன்று கோல் வாங்கிக்கொண்டு நிற்கிற அணியின் கோச் என்ன செய்வார் என்பது அந்தத் தாளில் இருக்காது.

என்னிடம் ஒரே ஒரு முறை, ஒரு தாய் முறையாக விசாரித்தார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஃபீஸைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க.”

“கேளும்மா.”

“நீங்க யார்கிட்ட கத்துக்கினீங்க?”

மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். கயிறு உட்பட.

“உங்களுக்குக் கோவம் வந்தா இன்னா பண்ணுவீங்க?”

“விசில் ஊதி ஆட்டத்த நிறுத்திடுவேன். எல்லாரையும் தண்ணி குடிக்கச் சொல்லுவேன். நானும் குடிப்பேன்.”

“எதுக்கு கோவம் வரும்?”

இந்தக் கேள்வியில் கொஞ்சம் யோசித்தேன். “ஒருத்தன் தப்பு பண்றப்ப இன்னொருத்தன் சிரிச்சா வரும். லேட்டா வந்தா வரும். தோத்தா வராது.”

“பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம் போணும்னா?”

மைதானத்துக்கு எதிரே இருக்கும் பள்ளியின் கழிவறைச் சாவி எங்களிடம் இருப்பதையும், பெண் பிள்ளைகளோடு எப்போதும் ஒரு பெண் உதவிப் பயிற்சியாளர் இருப்பதையும், வெளியூர் மேட்சுக்குப் போனால் அவர் இல்லாமல் வண்டி கிளம்பாது என்பதையும் சொன்னேன். பிள்ளைகளின் போனுக்கு நான் நேரடியாக மெசேஜ் அனுப்பமாட்டேன், பெற்றோர் இருக்கும் குரூப்பில்தான் போடுவேன் என்றும் சொன்னேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. அதன் பெயரைத் தெரிந்து வைத்திருந்தால் போதாது, இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாடுகளாக அது மைதானத்தில் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, “ரெண்டு நாள் உக்காந்து பாக்கலாமா?” என்றார். பார்த்தார். வேலைக்குப் போகிற அவசரத்திலும் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து, “கடைசிப் பையனக் கூட்டிக்கினு போக ஆள் வர்ற வரைக்கும் நீங்க கெளம்பல சார். சேத்துக்கோங்க” என்றார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பார்க்க வந்தது ஆளை. அந்த மகள் இப்போது ஜில்லா அணிக்கு ஆடுகிறாள், இடது காலில் நல்ல கிராஸ் போடுவாள்.

ஆட்டத்தில் பெரிய பெயர் எடுத்தவர்தான் நல்ல கோச் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜ் இரண்டுமாக இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் ஆடியவர். 1973-ல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபி வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளரும் அவர்தான். அப்படி எல்லோருக்கும் அமைவதில்லை. இந்தியாவின் மிகச் சிறந்த கோச் என்று நான் மதிக்கிற சையது அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஹைதராபாத்காரர். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், எல்லாம் அவர் பொறுப்பில் வந்தவை. பலவீனமான காலால் மட்டுமே ஆடவேண்டும் என்று விதி வைத்து ஆட்டங்கள் நடத்தினார். அதில் இருப்பது வாத்தியார் புத்தி. எந்த இடத்தில் மாணவன் தயங்குகிறானோ அங்கே அவனைத் திட்டாமல், தயங்காமல் ஆட ஒரு சூழலை உண்டாக்கிக்கொடுப்பது. நான் வெள்ளிக்கிழமைகளில் ‘இடது கால் நாள்’ வைப்பது அவரைப் பின்பற்றித்தான். அன்று அணியின் நட்சத்திரப் பையனும் புதிதாக வந்தவனும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவார்கள். மைதானத்தில் சிரிப்புச் சத்தம் அதிகமாகக் கேட்கும் நாளும் அதுதான்.

அவசரம் இருக்கிறதே, அது ஒரு கோச்சின் குணத்திலேயே எனக்கு மிகவும் பயம் தருவது. கோப்பை சீக்கிரம் வேண்டும் என்கிறவர் பதிமூன்று வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் எடுக்கும்போது ஜனவரியில் பிறந்த பையனை எடுப்பார், டிசம்பரில் பிறந்தவனை விட்டுவிடுவார். இருவருக்கும் ஆவணத்தில் ஒரே வயதுப் பிரிவு. உடம்பிலோ ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். பெரிய உடம்பு இன்று ஜெயித்துக்கொடுக்கும். சின்ன உடம்புக்காரன் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு நாள் வராமல் போய்விடுவான். இது உலகம் முழுக்க நடப்பது, ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார்கள். இன்னும் அவசரக்காரர்கள் பிறப்புச் சான்றிதழையே மாற்றச் சொல்வார்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கும் டி.டபிள்யூ.3 சோதனை வந்த பிறகும் இது நிற்கவில்லை. ஒரு முறை ஒரு டோர்னமென்ட்டுக்கு முன்னால், ஒரு பையனின் வயதை இரண்டு குறைத்தால் அணி பலமாகும் என்று என்னிடமே பேசினார்கள். முடியாதென்று அணியையே விலக்கிக்கொண்டேன். பிள்ளைகள் அழுதார்கள். ஏன் விலகினோம் என்பதை அவர்களை வட்டமாக உட்காரவைத்து அன்றே சொன்னேன். பொய்யான வயதில் ஆடக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு நேர்மையைப் பற்றி அவர்களிடம் எந்த வாயால் பேசுவது?

வேலை, சீட் பற்றியும் நேராகச் சொல்லிவிடுவேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆகமாட்டார்கள். இது எந்த ஊர் கோச்சும் மறுக்க முடியாத உண்மை. “உங்க பையன இந்தியாவுக்கு ஆட வைக்கிறேன்” என்று ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்து ஒருவர் வாக்குக் கொடுத்தால், அவர் விற்க வந்தவர். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குப் பயிற்சி கிடையாது என்று நான் வைத்திருக்கும் விதியும் இதனால்தான். என் முட்டி போனபோது கையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும்தான் இருந்தது.

வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் எங்கள் பயிற்சி அதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் ஆளுக்கொரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பயிற்சிக்கு முன். இதற்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பெற்றோர் கேட்டால் கணக்கு நோட்டைக் காட்டுவேன். பழைய மாணவர்கள் மாதாமாதம் அனுப்புகிறார்கள். கோச்சிடம் பணக் கணக்கைக் கேட்பதும் அவரைத் தெரிந்துகொள்வதில் ஒரு பகுதிதான். கேட்டதும் முகம் மாறினால் அதுவும் ஒரு பதில்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பயிற்சிக்கும், முடிந்தால் தோற்கிற மாதிரி இருக்கும் ஒரு மேட்சுக்கும் போய் உட்காருங்கள். கோல் விட்ட கீப்பரிடம் கோச் என்ன பேசுகிறார் என்று கேளுங்கள். ரெஃப்ரியிடம் எந்தக் குரலில் பேசுகிறார், பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியுமா, மேட்ச் முடிவதற்குள் அவனை இறக்குகிறாரா என்று பாருங்கள். பந்தைப் பறிகொடுத்த பிள்ளை அடுத்த நொடி எங்கே பார்க்கிறது என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். பந்தைப் பார்த்து ஓடினால் நல்ல இடம். கோச்சின் முகத்தைப் பார்த்து நின்றால், இன்னொரு மைதானம் தேடுங்கள். எங்கள் பயிற்சி காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. படிக்கட்டில் இடம் இருக்கிறது. வந்து பாருங்கள், பிறகு என்னிடம் கேளுங்கள்.